ஆறு பேருக்கு ஒரு போசி

கலா தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுத் தொட்டுக் குண்டாவின் உள்ளடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சோறு கருகிப் பிடித்திருந்தது. ஓரங்களில் ஒன்றும் இல்லை. ஓரத்தில் சோறு வெந்திருந்தால்தானே பிடிப்பதற்கு? நடைப்பயணத்துக்குத் தூக்கிப் போகும் கேஸ் அடுப்பின் சுடர் அந்த உள்ளங்கை அளவுதான். அதன்மேல் ஏற்றுகிற குண்டாவோ முறம் மாதிரி அகலம். நடுவில் கருகலும் ஓரத்தில் நறுக்கரிசியுமாக ஒரு சோறு பொங்கி, போன வாரம் நான்கு விருந்தாளிகளுக்குப் போட்டாயிற்று. அவர்கள் நல்லவர்கள், ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத்தான் தட்டுகளைக் கழுவும்போது கை கூசியது.

வீட்டுக்குள்ளே அவள் புருஷன் மாதையன் முதுகுக்கு அடியில் மடித்த கம்பளியை வைத்து மல்லாந்து கிடந்தான். பயணம் முடிந்து வந்த அன்றைக்குப் படுத்தவன், இன்னும் எழுந்தபாடில்லை.

எல்லாம் இந்தக் குண்டாவால் வந்தது என்பது கலாவின் தீர்மானம். மாதையன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. குளிரால் வந்தது என்றான், பாதை சறுக்கியதால் வந்தது என்றான், கடைசியில் புதுச் செருப்பைக் குற்றம் சொன்னான்.

மாதையன் ஏற்காட்டு மலையில் கரடியூர்க்காரன். இருபது வயதிலிருந்து எஸ்டேட்டில் மிளகு பறித்தவன். சவுக்கு மரத்தில் கொடி எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு உயரம் ஏணியைச் சாத்தி ஏறி, இடுப்பில் கட்டிய சாக்கு நிறைந்தால்தான் இறங்குவான். முப்பது வருஷம் அப்படி ஏறிய பிறகு இடுப்பு மக்கர் பண்ணியது. எஸ்டேட் ரைட்டர் நல்ல மனுஷர். இனி ஏணியில் கால் வைக்காதே என்று சொல்லி, நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடும் வேலையைக் கொடுத்தார். அது மாதையனுக்கு ஒத்துவரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றால் அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அந்த நேரத்தில்தான் சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு நடக்க வருகிறவர்கள் செம்மநத்தத்துக்குக் காட்டு வழி கேட்டு வரத் தொடங்கியிருந்தார்கள். வழி காட்டப் போனவன் கூடவே நடந்தான், கூடவே சமைத்தான். ஒரு தடவை அவன் சமையலைச் சாப்பிட்டுப் பார்த்த கலா, அடுத்த தடவையிலிருந்து தானும் கிளம்பினாள். ஆறேழு வருஷமாக இதுதான் இருவருக்கும் பிழைப்பு.

சேலத்தில் முதுகைப் பார்த்த பெண், வைத்தியர் எழுதிக் கொடுத்த பயிற்சிகளைச் சொல்லித் தருகிறவள், முன்பே இருவரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லியிருந்தாள். முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நடப்பது நல்லது, நடக்கட்டும். பாரமும் கொஞ்சம் சுமக்கலாம், ஆனால் முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும். முதுகை விட்டுத் தள்ளித் தொங்குகிற சின்னப் பாரம்கூட இடுப்பைப் பின்னால் இழுக்கும். கால் மரத்துப்போனால் பிறகு ஆபரேஷன்தான், அதற்கப்புறம் மலையேற்றத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

கலா அதை அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டாள். மாதையனும் தலையாட்டிக் கேட்டான். கேட்டது சேலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நின்றது.

குண்டா பைக்குள் போகாது. அதைப் பைக்கு வெளியே கயிற்றால் கட்டித் தொங்கவிடுவான். ஒவ்வொரு அடிக்கும் அது ஒரு முறை அவன் இடுப்பை இழுத்துவிட்டு வரும். அதோடு முடிந்ததா? குண்டா காலியாக இருக்கிறதே என்று அதற்குள் உருளைக்கிழங்கைப் போடுவான். கிழங்கு இருக்கிறதே என்று வெங்காயம். பாத்திரம் பெரிது, அடியில் நாலு பிடி அரிசி போட்டால் பார்க்க நன்றாகவா இருக்கும் என்று இன்னும் ஒரு படி அரிசி. பாத்திரம் பெரிதானால் அரிசி பெரிதாகிறது, அரிசிக்குத் தண்ணீர், தண்ணீருக்கு கேஸ், கேஸுக்கு இன்னொரு சிலிண்டர். மூட்டை வளர்வது சமைக்கிறவளுக்குத் தெரிகிறது. சுமக்கிறவனுக்கு மட்டும் தெரிவதில்லை.

இத்தனைக்கும் காரணம் கேட்டால் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

“எதிர்க்க நாலு பேரு வந்தா?”

“வந்தா என்னங்க?”

“சாப்புட்டுப் போங்கன்னு சொல்லோணுமில்ல. சொல்லிப்போட்டு வெறும் போசியக் காட்டறதா?”

இதற்கு மேல் கலாவால் பேச முடியாது. அது அவளுக்கும் தெரிந்த வழக்கம்தான். அவள் பிறந்த மஞ்சக்குட்டையிலும் அப்படித்தான். காட்டு வழியில் ஒருவர் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்க இன்னொருவர் தாண்டிப் போனால், சாப்பிடக் கூப்பிடாமல் விடமாட்டார்கள். கூப்பிட்ட பிறகு இல்லை என்று சொன்னால் அதைவிடக் கேவலம் கிடையாது. ஆனால் வராத நாலு பேருக்காக வருஷம் பூராவும் பத்து லிட்டர் குண்டாவை ஒரு நோயாளி சுமப்பது வழக்கத்தில் சேர்த்தி இல்லை என்று அவள் நினைத்தாள்.

அடுத்த நடைக்கு ரொனால்ட் போன் செய்தார். சேலத்தில் பேங்க் வேலை, வருஷத்துக்கு இரண்டு முறை கூட்டாளிகளோடு வருகிறவர். இந்தத் தடவையும் தன்னோடு சேர்த்து நாலு பேர் என்றார். கலா அவரிடமே கேட்டாள், வெளியூரெல்லாம் நடக்கிறீர்களே, அங்கெல்லாம் எந்த அளவுப் பாத்திரம் கொண்டு போகிறார்கள் என்று. ஆளுக்கு அரை லிட்டர் என்பது கணக்கு என்றார் ரொனால்ட். ஆனால் அது பாக்கெட்டைப் பிரித்து வெந்நீர் ஊற்றிச் சாப்பிடுகிறவர்களுக்கு, நாம் சோறு தின்கிறவர்கள், கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், கிண்டுவதற்கு மேலே கால்வாசி காலியாக விடுங்கள் என்றார். உபயோகமான பேச்சாக இருந்தது.

மறுநாள் கலா வீட்டிலேயே ஆறு பேருக்கான சாமையையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டுப் பொங்கி, வீட்டிலிருக்கும் பாத்திரங்களில் ஒவ்வொன்றாக மாற்றி ஊற்றிப் பார்த்தாள். மாதையன் படுத்தபடியே இதைப் பார்த்துவிட்டு, என்ன புள்ள, பாத்திரக் கடையா வைக்கப் போறே என்று கேட்டான். அவள் அடுத்த பாத்திரத்துக்கு மாற்றினாள். பால் காய்ச்சும் போசி அளவு சரியாக இருந்தது. ஆனால் தகடு மெலிசு, மூடியும் கிடையாது. மிச்சச் சோற்றை அன்றும் மறுநாளும் இரண்டு பேருமே சாப்பிட்டுத் தீர்த்தார்கள்.

ஏற்காட்டுக் கடையில் அவள் வெகுநேரம் நின்றாள். கடைக்காரர் எடுத்துக் காட்டிய முதல் பாத்திரம் அகலம். கருகும் என்று தள்ளினாள். அடுத்தது குறுகலாக உயரம். கரண்டி அடிவரை போகாது, கல்லும் குழியுமான தரையில் கவிழ்ந்தும் விழும். இன்னொன்றில் நீளக் கைப்பிடி. செடியில் சிக்கும், பைக்குள்ளும் மடங்காது. கடைசியில் கிடைத்தது நாலு லிட்டர் போசி. அகலத்தைவிட உயரம் சற்றே குறைவு, அடி கனம், இரண்டு பக்கமும் சின்னக் காது, அழுத்தி மூடினால் உட்காருகிற மூடி. கையோடு கொண்டுபோயிருந்த அடுப்பையும் சிலிண்டரையும் அதற்குள் இறக்கிப் பார்த்தாள். இரண்டும் போய் உப்பு டப்பாவுக்கும் இடம் இருந்தது. முழுசாக மாதையனின் பைக்குள், முதுகை ஒட்டிப் போய்விடும்.

அவன் போசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பரவாயில்லை என்றான். ஆறு பேருக்கு இது போதும்தான் என்றான். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டானே என்று அவள் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ரொனால்ட் வருவதற்குள் மாதையன் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தான். கிளம்பிய காலையில் பனி விலகவில்லை. மாதையன் அவளுக்கு முன்பே எழுந்து பையைக் கட்டி, மழை உறையை மேலே இழுத்து மாட்டி, வாசலில் தயாராக நின்றான். எப்போதும் போலக் கலா முன்னால் நடந்தாள். நடுவில் ரொனால்டும் கூட்டாளிகளும். மாதையன் கடைசி ஆள், யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள. காப்பிப் பழம் பறிக்கும் காலம். எஸ்டேட் ஓரமாகப் போகும்வரை ஆள் பேச்சு கேட்டது, அதைத் தாண்டிக் காட்டுத் தடத்தில் இறங்கியதும் அடங்கியது.

அடங்கிய பிறகுதான் அவளுக்குக் காதில் விழுந்தது. டங். நாலடி நடந்தால் ஒரு டங்.

ஓடையருகே எல்லாரும் தண்ணீர் குடிக்க நின்றபோது அவள் பின்னால் போய் மழை உறையைத் தூக்கினாள். உள்ளே சாக்கில் சுற்றிக் குண்டா. குண்டாவுக்குள் புதுப் போசி. இரண்டுக்கும் நடுவே இருந்த சந்தில் கிழங்கும், சாமை ஒரு பையும், பருப்பு ஒரு பையும்.

கலா உறையைக் கீழே விட்டாள். கோபத்தைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவன் நிற்கிற விதத்தைப் பார்த்தாள். இடது பக்கம் சாய்ந்து, வலது காலைத் தரையில் முழுசாக ஊன்றாமல் நின்றான்.

“கால் மரமரங்குதா?”

“கொஞ்சூண்டு.”

“எப்ப இருந்துங்க?”

“எஸ்டேட் கேட்டு தாண்டுனதுல இருந்து.”

“அப்பவே சொல்லறதுக்கென்னங்க?”

“சொன்னா குண்டாவ எறக்கச் சொல்லுவே.”

ரொனால்ட் எழுந்து வந்து, அண்ணா, அதை என்னிடம் கொடுங்கள் என்று கை நீட்டினார். மாதையன் பையை இறுகப் பிடித்துக்கொண்டான். விருந்தாளி பாத்திரம் தூக்கினால் ஊரில் தலைகாட்ட முடியாது தம்பி என்றான். திரும்பிப் போகலாமா என்று ரொனால்டின் கூட்டாளி ஒருவர் மெதுவாகக் கேட்டார். திரும்பிப் போக ஏற்றம், செம்மநத்தம் பக்கம் இறக்கம், முன்னால் போவதே முதுகுக்கு நல்லது என்று கலா கணக்குப் போட்டுச் சொன்னாள்.

பிறகு தன் துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, குண்டாவை உள்ளிருந்த சாமானோடு தூக்கிவைத்துக்கொண்டாள். அதற்கு முன்பே போசியை மட்டும் எடுத்து அவன் பைக்குள் முதுகை ஒட்டி இறக்கி, வாரை இழுத்துக் கட்டியிருந்தாள். மாதையன் தடுக்கப் பார்த்தான்.

“உங்களுக்கு ஆபரேஷன் பண்ணிப்போட்டா ஊட்ல உக்காந்து நாத்தாங்காலுக்குத் தண்ணி உடுவீங்களா? உடமாட்டீங்க. என் உசுரத்தான் எடுப்பீங்க. பேசாம நடங்க.”

அவன் நடந்தான். இறக்கம் முழுக்க அவள் அவன் கூடவே வந்தாள். கல்லில் கால் வைக்கும்போது நல்ல கால் முதலில் மேலே, நோகிற கால் முதலில் கீழே என்று சொல்லிக்கொடுத்தாள். சேலத்துப் பெண் சொன்னதுதான். தலையில் குண்டா இருந்ததால் திரும்பிப் பார்த்துத் திட்ட முடியவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டே திட்டினாள்.

தங்குமிடம் செம்மநத்தத்துக்குச் சற்று மேலே, பாவாயி என்கிற அம்மாளின் அறுவடை முடிந்த சாமைக் காடு. அவளிடம் கேட்டுக்கொண்டு எப்போதும் அங்கேதான் கூடாரம் போடுவார்கள். வந்து சேர்ந்ததும் கலா மாதையனைத் தரையில் விரிப்புப் போட்டுப் படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் பையை வைத்து, எழுந்தால் காலை ஒடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

புதுப் போசி அடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. சுற்றிலும் மூன்று கல்லை நிறுத்திக் காற்றை மறைத்தாள். வெங்காயம் வதங்கியது, பருப்பும் சாமையும் விழுந்தன, மூடி உட்கார்ந்தது. கிண்டும்போது வெளியே ஒரு பருக்கை சிந்தவில்லை. அடியில் பிடிக்கவில்லை. ஓரத்தில் எடுத்த பருக்கையும் நடுவில் எடுத்த பருக்கையும் ஒரே பதம். நாள் முழுக்க அவளுக்கு நேராக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

அப்போதுதான் தடத்தில் ஆட்கள் வந்தார்கள். பாவாயி, அவள் மருமகள், இன்னும் இரண்டு பெண்கள். காலையிலிருந்து காப்பிப் பழம் பறித்துவிட்டு ஜீப்பில் திரும்பும் வழியில் டயர் பஞ்சராகி, பாதித் தூரம் நடந்தே வருகிறார்கள். முகத்தில் அசதி வழிந்தது. நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகப் பார்த்தார்கள். கலா வாயைத் திறப்பதற்குள், படுத்துக் கிடந்த இடத்திலிருந்து மாதையனின் குரல் வந்தது.

“வாங்க, வாங்க. சாப்புட்டுத்தான் போகோணும்.”

சொல்லிவிட்டு அவன் கலாவைப் பார்த்தான். எதிரே நாலு பேர். சரியாக நாலு பேர். முதுகு வலியையும் மீறி அவன் முகத்தில் ஒரு தெளிச்சி. குண்டா கைக்கெட்டும் தூரத்தில்தான் சாக்கு சுற்றியபடி இருந்தது. கலாவின் கை அதன் பக்கம் போகவில்லை.

“உக்காருங்கக்கா,” என்றாள் பாவாயியிடம். “மொதப் பந்தி உங்களுக்கு. அடுத்த பந்தி எங்களுக்கு.”

பாவாயி, விருந்தாளி இருக்கும்போது நாங்களா முதலில் என்று கூச்சப்பட்டாள். ரொனால்ட், நாங்கள் மத்தியானம் தின்ற பிஸ்கட்டே இன்னும் இறங்கவில்லை என்று பொய் சொன்னார். அவர் வயிறு கத்துவது எல்லாருக்கும் கேட்டது, மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாலு பேரும் உட்கார்ந்தார்கள். சோறு சுடச்சுட இருந்தது, ஆளுக்கு இரண்டாம் முறையும் போட்டாள். போசியில் மீந்ததை ஒரு தட்டில் எடுத்து மூடிவைத்தாள். சூடாகவே இருந்த போசியைக் கழுவாமல் எண்ணெய் விட்டு, இரண்டாவது சோற்றை ஏற்றினாள். அதற்கான சாமையும் பருப்பும் மாதையன் குண்டாவுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தவை. அதை அவள் மறுக்கவில்லை. வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

மாதையனுக்கு ஆறவில்லை. கூப்பிட்டவங்களும் நாமளும் ஒண்ணா உட்கார வேண்டாமா, இவங்க தின்ன, அவங்க பார்க்க, இது என்ன சாப்பாடு என்று முனகினான்.

கலா கிண்டுவதை நிறுத்தவில்லை. “உங்க தங்கச்சி கண்ணாலத்துல எத்தன பந்தி போட்டீங்க?”

“அது கண்ணாலம்.”

“எத்தனங்க?”

“நாலு.”

“நாலாவது பந்தியில சாப்புட்டவங்க யாராச்சும் பசியோட போனாங்களா? ஊர் முச்சூடும் உக்கார்ற மாதிரி ஒரே எலையா போட்டீங்க?”

பாவாயி தட்டை வழித்துக்கொண்டே சொன்னாள், “மாதையா, ஊட்ல பந்தி போடலாம், காட்ல போடக்கூடாதா? எனக்கு வயிறு நெறஞ்சாச்சு. நீ எந்திரிச்சு நடக்கறதப் பாரு சாமி.”

மாதையன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். இரண்டாவது சோறு வெந்ததும், படுத்தபடியே சாப்பிட மாட்டேன் என்றான். கலா அவனைப் பக்கவாட்டில் புரட்டி, காலை மடக்கவைத்து, கையை ஊன்றச் செய்து எழுப்பி உட்காரவைத்தாள். அவன் சாப்பிட்டான். இரண்டாம் முறை தட்டை நீட்டினான். போட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கலா முதலில் அவன் பாதத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். தெரிகிறது என்றான். குதிகால்? அதுவும் தெரிகிறது. மரமரப்பு சுண்டுவிரலில் மட்டும் மிச்சம். அவளுக்கு அப்போதுதான் நிம்மதியானது. அதைக் காட்டிக்கொள்ளாமல், குண்டாவைப் பற்றி இரவெல்லாம் யோசித்துவைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தாள்.

“குண்டாவ பாவாயக்கா ஊட்லயே வெச்சுப்போட்டுப் போயிரலாம்,” என்றான் மாதையன். “பெரிய கூட்டம் வந்தா இங்கியே எடுத்துக்கலாம். என்னத்துக்குத் தூக்கிட்டுத் திரியறது?”

என்னத்துக்கு என்று கேட்டது அவன்தான். கலா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு வாரமாகத் தொண்டை வறளக் கத்தியது அத்தனையும் அவனுக்கே தோன்றிய யோசனையாகிவிட்டது. நல்லதுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுக் குண்டாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

பாவாயி வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் குண்டாவை வாங்கி, உள்ளேயும் வெளியேயும் பார்த்து, விரலால் சுண்டிவிட்டு, நேரே வெளியடுப்புக்குக் கொண்டுபோய் ஏற்றிக் குளிக்கத் தண்ணீர் ஊற்றினாள். அதற்கு அது மெத்தச் சரியான அளவாக இருந்தது.

கலா திரும்பி வந்தபோது கூடாரங்கள் சுருட்டியாகியிருந்தன. மாதையன் தரையில் உட்கார்ந்தபடி சாமான்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்தான். அடுப்பு வைத்த போசியை ரொனால்டின் பையில் இறக்கி, வாரை இழுத்து, முதுகோடு ஒட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்தான். மிச்சச் சாமையை இன்னொருவருக்கும், தண்ணீர்க் கேனை மற்றொருவருக்கும் கொடுத்தான். தன் பையில் கம்பளியும் மாற்றுத் துணியும் மட்டும் வைத்துக்கொண்டான். கொடுக்கும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“தம்பி, கனமா இருந்தா சொல்லோணும்,” என்றான் ரொனால்டிடம். “வெக்கப்பட்டுக்கிட்டு இருக்கக்கூடாது.”

கலா அவனைக் கைகொடுத்து எழுப்பி நிறுத்தி, நாலடி நடக்கவைத்துப் பார்த்தாள். சாயவில்லை. அன்றைக்கு அவனை முன்னால் நடக்கவிட்டு, கடைசி ஆளாக அவள் வந்தாள். அவன் காலைப் பார்த்துக்கொண்டே நடக்க அதுதான் வசதி. மஞ்சக்குட்டை ஏற்றத்தை அவர்கள் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டார்கள்.